நாற்பத்தொரு குழந்தைகளும் ரெண்டெட்டுக்காரரும்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு முழுநீளப் பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் யாருமில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மாவில் தொடங்கி, இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்மார்கள் வரை எல்லோருக்கும் அவர் ரெண்டெட்டுக்காரர்.

காரணம் இதுதான். தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழே போகவும் கூடாது, எட்டு டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது. மருந்துக் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யார் எதைக் கேட்டாலும் பேச்சு சுற்றிச் சுற்றி "ரெண்டுக்கு மேல, எட்டுக்குக் கீழ" என்பதில் வந்து நிற்கும். ஊசி போடும் சிஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சாப்பிட்டீங்களான்னு கேட்டாலும் ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல சாப்பிட்டேன்னுதான் சொல்லுவீங்க போல" என்றார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அவர் மருத்துவம் படித்தவரில்லை. இருபத்திரண்டு வருஷம் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிற பட்டறையில் இருந்தவர். பெட்டியின் முதுகில் காதை வைத்து ஒரு நிமிஷம் கேட்டால் போதும், மோட்டார் மக்கர் பண்ணுகிறதா, வாயு கசிகிறதா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை சுகாதார நிலையத்தின் பெட்டி நின்றுபோய் அவரைக் கூப்பிட்டார்கள். சரிசெய்து முடித்ததும் கூலியைப் பற்றிப் பேசாமல், "இதுக்குள்ள இருந்த மருந்த இப்ப எங்க வச்சிருக்கீங்க? அங்க எத்தனை டிகிரி?" என்று கேட்டாராம். அப்போது புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கயே வேலைக்கு வந்துடுறீங்களா?" என்றார். அப்படி வந்தவர்தான்.

மருந்து அறை கட்டடத்தின் பின்பக்கம், வெயில் படாத மூலையில் இருந்தது. பத்தடிக்குப் பத்தடி. இரண்டு பெட்டிகள். மேலே மூடி திறக்கிற பழைய பெட்டிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார், திறக்கும்போதெல்லாம் முனகும் என்பதால். புதிதாக வந்தது சின்னம்மா. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். எழுதும்போது யார் பேசினாலும் பதில் வராது. அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "மாமியார் இல்லாத வீடுன்னு நம்பிக் கழுத்த நீட்டினேன். இவர் ஆபீஸ்ல ரெண்டு மாமியார வச்சிருக்கார்."

இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போன ஒரு வருஷம் வந்தது.

தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் ஒன்றரை வயது மகனுக்கு ஊசி போட்ட அன்று மாலை காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் குழந்தை எழுந்து உட்கார்ந்து பந்து உருட்டினான். ஆனால் வலிப்பில் துடித்த அந்த ஐந்து நிமிஷத்தை எந்தத் தாயால் மறக்க முடியும்? அவர் அழுததை யாரோ படம் பிடித்திருந்தார்கள். கைபேசிக் கடைக்காரர் ஒருவர் அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினார். கூடவே எங்கிருந்தோ வந்த கட்டுரைகள், குரல் பதிவுகள். தடுப்பூசியால் மூளை கெடும் என்றது ஒன்று. நோயே இல்லாத காலத்தில் ஊசி எதற்கு என்றது இன்னொன்று. புதன்கிழமை ஊசி நாளில் நூறு குழந்தைகள் வந்த இடத்தில் ஐம்பது வந்தன. சிஸ்டர் வரிசையைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த குப்பிகளில் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். ரெண்டெட்டுக்காரர் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கும்போது, பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்துபோன மாதிரி முகம் சுருங்கிவிடும்.

வெளியில் நடந்த சண்டை அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. மகளின் கணவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் நாள் முழுக்க இதே பேச்சு. அவர்களுடைய பெண் குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறது. ஐந்து நோய்களுக்கான ஊசியில் இரண்டு தவணை போட்டாயிற்று, மூன்றாவது பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், தட்டில் கை வைக்காமலே ஆரம்பித்தார்.

"மாமா, மூணாவது ஊசி வேண்டாம்னு பார்க்குறேன்."

"ஏன் மாப்பிள்ளை?"

"ஏன்னா? ஊரே பேசுது. அந்தத் தையக்காரம்மா பையனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். இப்ப நல்லா இருக்கான்."

"நம்ம குழந்தைக்கு அப்படி வந்தா? வராதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டார். மகள் குழந்தையை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டெட்டுக்காரர் தண்ணீர்க் குவளையை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மாப்பிள்ளை, உடம்புக்குள்ள போனதுக்கப்புறம் அந்த மருந்து என்ன பண்ணுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அத டாக்டரம்மாகிட்டதான் கேக்கணும். நான் கூட்டிட்டுப் போறேன், எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. ஆனா உடம்புக்குள்ள போற வரைக்கும் அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அது நல்ல மருந்தா, கெட்டுப்போன மருந்தான்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு. அத எழுதியே குடுக்குறேன்."

ஓட்டுநர் லேசில் மசிகிறவரில்லை. டாக்டரம்மாவிடம் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். திரும்பி வந்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "மாமா, உங்க பெட்டிய நம்பித்தான் சரின்னு சொல்றேன். டாக்டருக்காக இல்ல" என்றார்.

அந்த வார்த்தையை ரெண்டெட்டுக்காரர் ஒரு பதக்கம் மாதிரி மனசுக்குள் குத்திக்கொண்டு அலைந்தார்.

அதற்கடுத்த வாரம் அவர் மனைவிக்குக் கண் அறுவை. ஆறு நாள் விடுப்பு எடுத்தார். பெட்டிகளின் சாவியை, மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காரும் மருந்தாளுநரிடம் ஒப்படைத்தார். அவரும் நல்ல மனிதர், நாற்பது வயதுக்காரர், வேலையில் குறை சொல்ல முடியாதவர். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, "இதத் தொடவே வேணாம்" என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறு நாளில் வந்த புதன்கிழமையில்தான் பேத்திக்கு மூன்றாவது ஊசி போடப்பட்டது. மருத்துவமனையில் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவருக்கு மகள் தொலைபேசியில் சொன்னாள். "அழவே இல்லப்பா. ஊசி போட்ட சிஸ்டரப் பார்த்துச் சிரிக்குறா."

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை, பையைக்கூடக் கீழே வைக்காமல் பெரியம்மாவைத் திறந்தார். வெப்பமானி ஐந்து காட்டியது. பதிவேட்டில் ஆறு நாளும் ஐந்து, நாலு, ஐந்து, நாலு. எல்லாம் அழகாக இருந்தது. அழகு கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஆறு நாள் எழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதின மாதிரி. அவர் குனிந்து குமிழைப் பார்த்தார். ஒட்டுநாடா இருந்தது. ஆனால் ஒரு ஓரத்தில் அழுக்குப் படிந்து தூக்கிக்கொண்டிருந்தது. உரித்து மறுபடி ஒட்டினால்தான் அப்படி நிற்கும்.

பெரியம்மாவுக்குள் அடியில், உட்சுவரையொட்டி இருந்த அட்டைப் பெட்டியை வெளியே எடுத்தார். ஐந்து நோய் ஊசியின் பெட்டி. அதன் ஒரு பக்கம் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. உள்ளே இருந்த குப்பிகளின் தாள்களும் அப்படியே. பனிக்கட்டி பிடித்து, பிறகு உருகியிருக்கிறது.



பொதுவாக மருந்து சூடாகிவிடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மருந்து உறைந்துவிட்டாலும் போச்சு என்பது பலருக்குத் தெரியாது. உறைந்து உருகிய மருந்து பார்க்க நல்ல மருந்து மாதிரியே இருக்கும். ஆனால் அதில் இருந்த சத்து பிரிந்து போயிருக்கும். போட்டாலும் குழந்தையின் உடம்பு நோயை எதிர்க்கக் கற்றுக்கொள்ளாது.

மருந்தாளுநரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"குமிழத் திருப்புனீங்களா?"

மருந்தாளுநரின் முகத்தில் ஈயாடவில்லை. "ரொம்ப வெக்கையா இருந்துச்சு அண்ணே. பயந்துட்டேன். இன்னும் குளிரா இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சு செவ்வாக்கிழமை சாயங்காலம் கூட்டி வச்சேன். வெள்ளிக்கிழமை திறந்தா சுவரெல்லாம் ஐஸ். உடனே பழையபடி மாத்திட்டேன்."

"புதன்கிழமை இதுலேருந்துதானே எடுத்தீங்க?"

"ஆமா. அட்டைப் பெட்டியோட எடுத்து வெளிய வச்சேன். ஊசி போடுறதுக்குள்ள உருகியிருக்கும்."

"நோட்டுல அஞ்சு, நாலுன்னு எழுதியிருக்கே?"

மருந்தாளுநர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கையால் மூடிக்கொண்டார்.

ரெண்டெட்டுக்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் கத்தவில்லை. முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. அதே தொகுதியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, ஐஸ் அறையில் வைத்துக் கல்லாக உறையவைத்தார். மறுநாள் காலை அதை வெளியே எடுத்து உருகவிட்டார். பிறகு அந்தக் குப்பியையும் சந்தேகப்பட்ட குப்பிகளில் ஒன்றையும் சேர்த்துப் பிடித்து நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் டாக்டரம்மாவும் சிஸ்டரும் நின்றார்கள். உறையவைத்த குப்பியில் வெண்மை செதில் செதிலாகப் பிரிந்து அடியில் இறங்கியது, மேலே தெளிந்த தண்ணீர். சந்தேகக் குப்பியும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு அதே வேகத்தில் தெளிந்தது. மற்ற குப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் அப்படித்தான்.

சிஸ்டர் பெயர்ப் பட்டியலை எடுத்துவந்து எண்ணினார். அந்தப் புதன்கிழமை அந்தப் பெட்டியிலிருந்து நாற்பத்தொரு குழந்தைகளுக்குப் போட்டிருந்தார்கள். இருபத்தேழாவது பெயர் அவருடைய பேத்தி.

டாக்டரம்மா மேலதிகாரிக்குத் தொலைபேசினார். அறைக்கு வெளியே நின்ற ரெண்டெட்டுக்காரருக்கு, ஸ்பீக்கரில் வந்த மேலதிகாரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "மிச்சத்தை அழிச்சிடுங்க. குழந்தைங்களக் கூப்பிட்டு, கூடுதல் தவணை ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லிப் போட்டுடுங்க. காரணம் சொல்லவே வேண்டாம். ஊரு ஏற்கனவே புகைஞ்சுகிட்டிருக்கு. நீங்களே போய்ப் பெட்ரோல் ஊத்தாதீங்க."

டாக்டரம்மா வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவரில்லை. அந்த யோசனையில் அர்த்தமும் இருந்தது. குழந்தைகளுக்கு நல்ல மருந்து போய்ச் சேர வேண்டும், அதுதானே முக்கியம்?

"அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான் பெட்டி பார்க்குறவன், டாக்டரம்மா. எனக்கு வேற எதுவும் தெரியாது. ஆனா ஒண்ணு. ஊசிக்கு எதிரா பேசுறவங்க என்ன சொல்றாங்க? இவங்க எதையோ மறைக்குறாங்கன்னு சொல்றாங்க. இத்தனை நாளா நாம எதையும் மறைக்கல. அதனால நெஞ்ச நிமிர்த்தி இல்லன்னு சொன்னோம். இன்னைக்கு மறைச்சிட்டா, நாளைக்கு அவங்க சொல்றது உண்மையாயிடும்ல?"

டாக்டரம்மா ஜன்னல் வழியாக வெளியே வரிசை நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "சொன்னா இருக்குற அம்பது பேரும் வராமப் போயிட்டா?"

"போகலாம். ஆனா போனாலும் நம்ம மேல கோபப்பட்டுப் போவாங்க. பொய் சொன்னோம்னு போக மாட்டாங்க. கோபம் ஆறும்."

"யாரு போய் அவங்க முன்னாடி நிக்குறது?"

"பெட்டி என்னுது. நான் நிக்குறேன்."

டாக்டரம்மா எழுந்தார். "தனியா நிக்க விடமாட்டேன். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் வரச்சொல்லுங்க. மேல என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்குறேன்."

சனிக்கிழமை வருவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அன்று மாலையே மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை அப்போதுதான் வேலை முடிந்து வந்து சீருடைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரெண்டெட்டுக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஓட்டுநர் பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினார். "மாமா, உங்க பெட்டிய நம்பித்தான் சரின்னு சொன்னேன்."

"ஆமா மாப்பிள்ளை."

"அதுக்கு நான் பொறுப்புன்னீங்க."

"ஆமா. அதனாலதான் வந்து நிக்குறேன்."

கழற்றிய பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு ஓட்டுநர் வெளியே போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அப்பா, நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏம்பா சொன்னீங்க?"

"எனக்குத் தெரியுமேம்மா."

மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

சனிக்கிழமை காத்திருப்புக் கூடம் கொள்ளாத கூட்டம். நாற்பத்தொரு குழந்தைகளின் பெற்றோரைத்தான் கூப்பிட்டார்கள். செய்தி கசிந்து நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கைபேசிக் கடைக்காரர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருந்தார். தையல் கடைப் பெண் மகனோடு சுவரோரம் நின்றார். கடைசியில், கதவருகே, சீருடையில் கைகளைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

ரெண்டெட்டுக்காரர் வாழ்நாளில் மேடை ஏறாதவர். முன்னால் போட்டிருந்த மேசையில் இரண்டு குப்பிகளை வைத்தார். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து வாங்கிவந்த நல்ல குப்பி ஒன்று, தன் பெட்டியிலிருந்த கெட்ட குப்பி ஒன்று.

"போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை உங்க குழந்தைங்களுக்குப் போட்ட மருந்து கெட்டுப்போன மருந்து" என்றார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "பெட்டி அளவுக்கு மேல குளிர்ந்து உறைஞ்சிடுச்சு. உறைஞ்சா அதுக்கு வேலை செய்யுற சக்தி போயிடும்."

கூடம் பொங்கிவிட்டது. யார் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. ஒரு தாய் குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்தார். ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யார் தப்பு? யாருன்னு சொல்லுங்க!"

மருந்தாளுநர் ஜன்னலுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ரெண்டெட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பெட்டி என் பொறுப்பு. என் தப்புன்னு எழுதிக்குங்க."

கைபேசிக் கடைக்காரர் எழுந்தார். "இத்தனை நாளா நாங்க சொன்னது இதுதானே? கெட்ட மருந்தப் போட்டு எங்க குழந்தைங்களக் கெடுக்குறீங்க!"

"ஐயா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார் ரெண்டெட்டுக்காரர். "வந்து இந்த ரெண்டையும் நீங்களே குலுக்குங்க."

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் வந்தார். இரண்டையும் கையில் பிடித்துக் குலுக்கினார். மேசையில் வைத்தார். முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து குனிந்தார்கள், பின்வரிசை பெஞ்சுமேல் ஏறியது. நல்ல குப்பி பால் மாதிரி அப்படியே நின்றது. கெட்டதில் செதில்கள் இறங்கி, பார்க்கப் பார்க்கத் தண்ணீர் தெளிந்தது.

"இப்படித்தான் கண்டுபிடிச்சோம்" என்றார் ரெண்டெட்டுக்காரர். "இனி நீங்களும் கண்டுபிடிக்கலாம்."

அதன்பிறகு டாக்டரம்மா பேசினார். இந்த மருந்து குழந்தைக்குத் தீங்கு செய்யாது, ஊசி போட்ட இடத்தில் சிலருக்குக் கட்டி மாதிரி வரலாம், ஆறிவிடும் என்றார். ஆனால் கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் வந்தால் இந்தத் தவணை காப்பாற்றாது, மறுபடி போட்டாக வேண்டும் என்றார். இரண்டாவது தடவை போடுவதால் கெடுதல் உண்டா என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பதில் சொன்னார்.

அப்போது தையல் கடைப் பெண் சுவரோரத்திலிருந்து கேட்டார். "என் பையனுக்கு வலிப்பு வந்துச்சே, அது எதனால? அதையும் இப்படி நேரா சொல்லுவீங்களா?"



"சொல்றேம்மா" என்றார் டாக்டரம்மா. "ஊசி போட்டா சில குழந்தைங்களுக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் ஏறினா இந்த வயசுல ரொம்பக் கொஞ்சம் பேருக்கு வலிப்பு வரும். சளிக் காய்ச்சலுக்கும் வரும், ஊசிக் காய்ச்சலுக்கும் வரும். பார்க்க உயிரே போற மாதிரி இருக்கும். ஆனா அனேகமா எந்தக் குழந்தைக்கும் அதால பின்னாடி குறை வராது. அதவிட அபூர்வமா, பத்து லட்சத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு மருந்தே ஒத்துக்காமப் போகும். அதுக்குத்தான் ஊசி போட்டதும் அரைமணி நேரம் இங்கயே உக்காரச் சொல்றோம். ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நோயோட ஆபத்துக்கு முன்னாடி இது ரொம்ப ரொம்பச் சின்னதுன்னு சொல்லுவேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்" என்றார் அந்தப் பெண். "ஒண்ணுமே ஆகாதுன்னுதான் சொன்னீங்க."

"ஆமாம்மா. அது எங்க தப்பு."

ஒரே நாளில் இரண்டு தப்பை ஒத்துக்கொண்ட அரசாங்கக் கட்டடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். ஒருவர் வாசலில் நின்று, இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தம் போட்டுச் சொன்னார். மாப்பிள்ளையைத் தேடினார் ரெண்டெட்டுக்காரர். கதவருகே ஆள் இல்லை.

புதன்கிழமை வந்தது. எட்டரைக்குத் திறக்கிற வாசலில் எட்டு மணிக்கே ஒருவர் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர்தான். மாமனாரைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மொதல்ல பெட்டியத் திறங்க. மீட்டர நான் பார்க்கணும்."

ரெண்டெட்டுக்காரர் பெரியம்மாவைத் திறந்தார். அது முனகியது. ஓட்டுநர் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தலையை உள்ளே நீட்டினார். "அஞ்சு" என்றார். "நேத்து சாயங்காலம் எவ்வளவு?"

"நாலரை. நோட்டப் பாருங்க."

பதிவேட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். "இந்த நோட்ட ஏன் உள்ள பூட்டி வச்சிருக்கீங்க? வெளிய மாட்டுங்க மாமா. என் பஸ்ஸுல வேகக் கட்டுப்பாட்டு அளவ எல்லாரும் பார்க்குற மாதிரிதானே ஒட்டியிருக்கு? பார்க்குறவங்க பார்த்துக்கட்டும்."

பேத்தி அன்று நன்றாகவே அழுதாள்.

அன்று மாலையே சிஸ்டர் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுக் கொடுக்க, ரெண்டெட்டுக்காரர் அதைக் காத்திருப்புக் கூடத்துச் சுவரில் மாட்டினார். காலை எத்தனை, மாலை எத்தனை, யார் பார்த்தது. தாய்மார்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதைப் படித்துவிட்டு உட்காரப் பழகினார்கள். ஒருநாள் அவர் மாலைக் கணக்கை எழுத ஐந்து நிமிஷம் தாமதித்தபோது, கையில் குழந்தையோடு ஒரு பெண், "என்னண்ணே, இன்னைக்கு இன்னும் போடலையா?" என்று கேட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. உச்சி குளிர்ந்தது.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் இரண்டு வாரத்தில் வந்துவிட்டார்கள். வாசலில் சத்தம் போட்டவர் மூன்றாவது வாரம், யார் முகத்தையும் பார்க்காமல் வந்து குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு போனார். இன்னொரு குடும்பத்தை, வீடு மாறிப்போன முகவரியைத் தேடிப் பிடித்து சிஸ்டர் அழைத்து வந்தார். ஒரே ஒரு வீட்டில் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அந்த ஒன்றை ரெண்டெட்டுக்காரர் மறக்கவே இல்லை. நாற்பது என்று யாராவது பாராட்டினால், "நாப்பத்தொண்ணு" என்று திருத்துவார்.

தையல் கடைப் பெண் மகனுக்கு அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ள வந்தார். அரைமணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், சிஸ்டர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கைபேசிக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து நான்கு பக்கம் கேள்வி எழுதிக்கொண்டு டாக்டரம்மாவிடம் வந்தார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "எம் பையனுக்குத் தட்டம்மை ஊசி மட்டும் இப்ப போடுங்க. மத்தது யோசிச்சு சொல்றேன்" என்றார். "யோசிங்க" என்றார் டாக்டரம்மா. அவர் இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று கேள்வி.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டாக்டரம்மா ஒரு பக்கம் எழுதினார். ரெண்டெட்டுக்காரர் அரைப் பக்கம் எழுதினார். யாரும் கேட்காமலே மருந்தாளுநரும் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குமிழைத் திருப்பியதும் பதிவேட்டை நிரப்பியதும் தான்தான் என்று அதில் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு கண்டனக் குறிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கும் ரெண்டெட்டுக்காரருக்கும் மத்தியானச் சாப்பாடு ஒரே மேசையில்தான். அடுத்த வருஷம் மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். சுவரில் தொங்கிய தாளைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் மற்ற நிலையங்களிலும் அதே மாதிரித் தாள் தொங்க ஆரம்பித்தது. யார் யோசனை என்று அதில் போடவில்லை. ரெண்டெட்டுக்காரரின் மனைவிக்கு அதில் தீராத மனத்தாங்கல். "எம் மருமகன் பேரையாவது போட்டிருக்கலாம்" என்பார்.

கூட்டம் நடந்த அந்த வருஷ மழைக்காலத்தில் கக்குவான் இருமல் வந்தது. இங்கேயும் சில குழந்தைகள் இருமி இருமி மருத்துவமனையில் படுத்தன. அந்த நாற்பது பேரில் ஒருவரும் படுக்கவில்லை. மருந்தின் வேலை அது என்றார் டாக்டரம்மா. "அது எனக்குத் தெரியாது" என்றார் ரெண்டெட்டுக்காரர். "மருந்து நல்லா இருந்துச்சு. அது தெரியும்."

ஒருநாள் காலை மாப்பிள்ளை ஓட்டிய பேருந்தில் அவர் பின் இருக்கையில் உட்கார்ந்து போனார். ஏறியதை மாப்பிள்ளை கவனிக்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நின்ற ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் தடுப்பூசியைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டு வந்தார். எல்லாம் ஏமாற்று, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ஓட்டுநர் திரும்பினார்.

"சார், மத்த இடம் எப்படின்னு எனக்குத் தெரியாது. எங்க நிலையத்துல மருந்து கெட்டுப்போச்சு. யாருக்கும் தெரியாது, அவங்களா கூப்பிட்டுச் சொன்னாங்க. எம் பொண்ணுக்குப் போட்ட மருந்து அது. சொன்னவர் யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"எங்க மாமா" என்றார் ஓட்டுநர். விளக்கு பச்சையானது. வண்டியை எடுத்தார்.

பின் இருக்கையில் ரெண்டெட்டுக்காரர் மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து இரண்டு நிறுத்தம் போயிருந்தது.